டவுட் அக்காவும் பதினாலாவது காலும்

வீட்டுப் பூட்டை மூன்று முறை இழுத்துப் பார்த்துவிட்டுத் தெருமுனை வரை போய், அங்கிருந்து திரும்பி வந்து நான்காவது முறை இழுத்துப் பார்க்கிற ஒரு பெண்ணை அலாரம் செய்யும் கம்பெனியில் வேலைக்கு வைத்தது தன்னுடைய புத்திசாலித்தனம் என்று முதலாளி சொல்லிக்கொள்வார். வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷமே அவளை அனுப்பிவிடலாமா என்று யோசித்தவரும் அவர்தான்.

கம்பெனி பெரிதில்லை. டயர் கடைக்கு மேலே இரண்டு அறைகள். படியேறும்போது மூக்கில் ஏறும் ரப்பர் வாடையை மேலே போனதும் ஈயம் உருக்கிப் பற்றவைக்கும் சால்டர் புகை வந்து அமுக்கிவிடும். பதினோரு பேர் வேலை பார்க்கிறார்கள். ஜன்னலோர மேஜையில் வரைபடம் பிறக்கும். நடு மேஜைகளில் அது சர்க்யூட் போர்டாகும். சுவரோரம் கடைசி மேஜையில் அக்கா உட்கார்ந்து அதைக் குற்றவாளியைப்போல விசாரிப்பாள். அவள் கையெழுத்து இல்லாமல் ஒரு போர்டும் படியிறங்காது. மேஜைக்கு மேலே ‘சோதனைப் பிரிவு’ என்று பலகை தொங்குகிறது. பிரிவில் அவள் ஒருத்திதான்.

முகத்துக்கு நேரே ‘அக்கா’, முதுகுக்குப் பின்னால் ‘டவுட்’. இரண்டும் அவள் காதில் விழும். இரண்டில் எது உண்மையான மரியாதை என்பதில் அவளுக்குச் சந்தேகம் உண்டு.

இது வழிவழியாக வந்த குணம். அவளுடைய அப்பா தராசு ரிப்பேர் செய்தவர். கடைத் தராசு எப்படியெல்லாம் பொய் சொல்லும் என்று அவருக்கு அத்துப்படி. சில தராசுகளுக்கு அவரே சொல்லிக்கொடுத்தார் என்பது அம்மாவின் கட்சி. வீட்டில் எதை வாங்கி வந்தாலும் முதலில் எடை போடுவார். பிறகு எடைக்கல்லை எடை போடுவார். அப்படிப்பட்ட வீட்டில் வளர்ந்தவள் ஒரு டிக்கெட் பரிசோதகரைக் கல்யாணம் செய்துகொண்டது பொருத்தமாகத்தான் தோன்றியது. வந்த பிறகுதான் தெரிந்தது, மனிதர் யார் எதைச் சொன்னாலும் நம்புகிறவர் என்று. பர்ஸ் தொலைந்துபோச்சு என்று எவன் கண்ணைக் கசக்கினாலும் அவனுக்கு உட்கார இடம் பிடித்துக் கொடுத்துவிட்டு வருவார். முப்பது வருஷ ரயில் வேலையில் அவர் பிடித்த ஆட்களைவிட அவருக்குக் கிடைத்த நண்பர்கள் அதிகம். ஒரே வீட்டில் ஒருவர் யாரையும் நம்பாமலும் ஒருவர் எல்லோரையும் நம்பியும் குடித்தனம் நடத்தினார்கள். சராசரி பார்த்தால் சாதாரணக் குடும்பம்.

இந்தக் கதை ஒரு செவ்வாய்க்கிழமை, பூஜ்யம் புள்ளி ஆறு வோல்ட்டில் ஆரம்பிக்கிறது.

குளிர்கிடங்குகளுக்கான அலாரம் போர்டு அது. உறைகுளிர் அறைக்குள் மூட்டை எடுக்கப் போனவர் உள்ளே இருப்பது தெரியாமல் யாராவது கதவை மூடிவிட்டால், சுவரிலிருக்கும் சிவப்புப் பொத்தானை அமுக்க வேண்டும். வெளியே மணி அடிக்கும். அவ்வளவுதான் போர்டின் வேலை. மணி அடிக்காவிட்டால் உள்ளே இருப்பவருக்கு என்ன ஆகும் என்பதை யாரும் விளக்க வேண்டியதில்லை. நாற்பது போர்டுகள் வெள்ளிக்கிழமை போக வேண்டும். மாதிரிக்கு ஒன்று, வாடிக்கையாளரின் கிடங்கில் ஏற்கெனவே மாட்டப்பட்டு, பத்து நாளாக அமுக்கும்போதெல்லாம் அடித்துக்கொண்டிருந்தது.

வரைந்தவன் மருமகன். முதலாளியின் தங்கை மகன் என்பதால் அவருக்கு மருமகன். அவர் கூப்பிடுகிறாரே என்று கம்பெனி முழுக்க மருமகன். டயர் கடைக்காரர்கூட ‘என்ன மருமகனே’ என்பார். இருபத்தெட்டு வயது, இஸ்திரி கலையாத சட்டை. அவன் வரைபடமும் அப்படித்தான், ஒரு கோடு இன்னொரு கோட்டின் மேல் படாது. அதனாலேயே அக்காவுக்கு அதன்மேல் நம்பிக்கை இல்லை.

போர்டின் நடுவில் ஒரு ஐ.சி. உட்கார்ந்திருந்தது. பதினாலு கால் உள்ள கறுப்புப் பூச்சி. பதினாலாவது கால் வழியாக அது சாப்பிடும், அதாவது சப்ளை உள்ளே வரும். ஏழாவது கால் கிரவுண்டு, வந்த கரண்ட் திரும்பிப் போகும் வழி. மற்ற கால்கள் வேலைக்காரர்கள். அக்கா மீட்டர் முனையை ஒவ்வொரு இடமாக வைத்துக்கொண்டு வந்தாள். சப்ளை வரும் இடத்தில் ஐந்து வோல்ட். மணிக்குப் போகும் இடத்தில் ஐந்து. ஐ.சி.யின் பதினாலாவது காலில் நான்கு புள்ளி நான்கு.

“தம்பி, இங்க ஆறு பாயிண்ட் குறையுது. எங்க போச்சு?”

“மீட்டர் பேட்டரி மாத்தி எத்தனை நாளாச்சு அக்கா?”

“நேத்து மாத்தினேன். அதுக்கு முந்தி முந்தாநாள்.”

நடு மேஜையில் யாரோ சிரித்தார்கள். மருமகன் எழுந்து வந்து பொத்தானை அமுக்கினான். மணி கணீரென்று அடித்தது. “பாருங்க, அடிக்குதா இல்லையா?”

“அடிக்குது. அதான் எனக்குப் பிடிக்கல.”

“அடிச்சாலும் தப்பு, அடிக்கலைன்னாலும் தப்புன்னா நான் என்னதான் அக்கா பண்றது?”

இன்னொரு போர்டை எடுத்தாள். நான்கு புள்ளி நான்கு. இன்னொன்று. நாற்பதிலும் அதே. ஒருவர் பொய் சொன்னால் தவறிப்போச்சு என்று விடலாம். நாற்பது பேரும் ஒரே பொய்யைச் சொன்னால் யாரோ சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும். மட்டமான ஐ.சி.யை வாங்கிப் போட்டுவிட்டு வரைபடத்தில் நல்லதன் எண்ணை எழுதியிருக்கிறானோ? அக்கா மனசுக்குள் நினைப்பதற்கும் வாய்விட்டுச் சொல்வதற்கும் நடுவே கதவு வைத்துக்கொள்ளாதவள்.

“இதுல யாரோ எதையோ மறைச்சிருக்காங்க” என்றாள், மற்ற பத்துப் பேரும் கேட்க.

மருமகனின் முகம் சுருங்கியது. “நேரா என்னையே சொல்லுங்களேன்.”

“யார் மறைச்சாங்களோ அவங்களைத்தான் சொன்னேன்.”

முதலாளி உள்ளறையிலிருந்து எட்டிப் பார்த்தார். “வெள்ளிக்கிழமை வண்டி வந்துரும் அக்கா. அதுக்குள்ள உங்க சந்தேகம் தீரணும். தீரலைன்னா அதையும் ஒரு டப்பால போட்டு அனுப்பிடுங்க.”

சாயங்காலம் வீட்டில் துணி மடித்துக்கொண்டே விஷயத்தைச் சொன்னாள். கணவர் செருப்புக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டே கேட்டார். எலெக்ட்ரானிக்ஸ் அவருக்குப் புரியாது. எதுவானாலும் ரயிலாக மாற்றிக்கொண்டால்தான் புரியும்.

“சரி, அவன் உள்ள இருக்கான். சாப்பாடும் கிடைக்குது, ஆனா கொஞ்சம் குறைச்சலா. அப்படித்தானே?”

“ஆமா.”

“டிக்கெட் இல்லாம வர்றவன் அப்படித்தான் இருப்பான். நாலு பேர் நடுவுல ஒண்டிக்கிட்டு, அவங்க கொடுக்கறதைத் தின்னுக்கிட்டு. கூட்டம் இருக்கற வரைக்கும் யாருக்கும் தெரியாது.”

“அப்புறம்?”

“எல்லாரும் இறங்கினதும் தெரிஞ்சுரும். தனியா உக்காந்திருப்பான், பாவம்.”

“நீங்க பிடிப்பீங்களா?”

“பாவம்னு சொன்னேனே” என்றார் அவர்.

அக்கா மடித்த துண்டை மறுபடி பிரித்து மறுபடி மடித்தாள். ஐ.சி.க்குக் கூட்டம் என்றால் அது மற்ற கால்களில் வந்து நிற்கும் கம்பிகள். மூன்று இருந்தன. கதவு திறந்திருந்தால் ஒன்றில் கரண்ட் வரும். விளக்கு எரிந்தால் இன்னொன்றில் வரும். மூன்றாவது பொத்தான், அதை அமுக்காதவரை கரண்ட் வரும், அமுக்கினால் நிற்கும், நின்றால் மணி அடிக்க வேண்டும். கம்பி அறுந்துபோனாலும் மணி அடிக்கட்டும் என்பதற்காகச் செய்த தலைகீழ் ஏற்பாடு. அதைச் செய்யச் சொன்னதும் அவள்தான்.

புதன்கிழமை மற்றவர்கள் வருவதற்கு ஒரு மணி நேரம் முன்பே படியேறினாள். சோதனை மேஜையில் விளக்குக் கம்பி எப்போதும் சப்ளையோடு சேர்த்தே கட்டியிருக்கும், வசதிக்காக. அதை அவிழ்த்தாள். கதவு மூடிய நிலைக்கு வைத்தாள். பொத்தானை அமுக்கினாள்.

மணி அடிக்கவில்லை. ‘டிக்’ என்றுகூடச் சொல்லவில்லை.

விளக்குக் கம்பியைக் கட்டி அமுக்கினாள். கணீர். அவிழ்த்தாள். மௌனம். பொத்தானை விடாமலே பதினாலாவது காலில் மீட்டரை வைத்தாள். ஏறக்குறைய ஒன்றுமில்லை. அந்தக் கால் எதனுடனும் சேரவே இல்லை. ஐ.சி. இத்தனை நாளும் பக்கத்துக் கால்களிலிருந்து கசிந்து வந்த ஓசிக் கரண்ட்டில் உயிர் வாழ்ந்திருக்கிறது. கசிகிற வழியில் ஆறு பாயிண்ட் சுங்கம். கடைசிக் கூட்டமும் இறங்கியதும் செத்துவிட்டது. கதவு மூடி, விளக்கு அணைந்து, இருட்டில் ஒருவர் பொத்தானை அமுக்குகிற அந்த ஒரு நேரத்தில் மட்டும் வேலை செய்யாத அலாரம்.

மருமகனின் கம்ப்யூட்டரைத் திறந்தாள். மற்றவர் மேஜையைத் தொடக்கூடாது என்று கம்பெனிக்கே சட்டம் போட்டவள் அவள். போர்டைச் செய்வதற்கு முன்பே கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்க்கும் சிமுலேஷனில் அதே போர்டு திரையில் ஓடியது. விளக்கை அணைத்தாள், கதவை மூடினாள், பொத்தானை அமுக்கினாள். திரையில் மணி அடித்தது.

‘பொய் சொல்லுதா?’ என்று படத்திலிருந்து ஐந்து வோல்ட் சப்ளையையே வெட்டி எடுத்தாள். இப்போது அந்தப் படத்தில் கரண்ட்டே கிடையாது. பொத்தானை அமுக்கினாள்.

மணி அடித்தது.

அக்கா நாற்காலியில் சாய்ந்தாள். அவள் வாழ்நாளில் எத்தனையோ பேரைச் சந்தேகப்பட்டிருக்கிறாள். இவ்வளவு வெட்கமில்லாத பொய்யை யாரும் சொன்னதில்லை.

வரைபடத்தில் ஐ.சி.யின் பன்னிரண்டு கால்கள்தான் இருந்தன. சப்ளைக் காலும் கிரவுண்டுக் காலும் மறைத்து வைக்கப்பட்டிருந்தன. படம் சுத்தமாக இருக்கட்டும் என்று மென்பொருளில் அப்படி ஒரு வசதி. மறைந்த காலுக்கு ஒரு பெயர் மட்டும் உண்டு. அதே பெயரில் படத்தில் எங்கே கம்பி இருந்தாலும் சொல்லாமல் கொள்ளாமல் இணைத்துவிடும். அந்தப் பெயரில் கம்பி இல்லையென்றால் சொல்லாமல் கொள்ளாமல் விட்டுவிடும். சிமுலேஷனோ இதைப் பற்றிக் கவலைப்படுவதில்லை. மனிதர் நின்றால் மூச்சும் இருக்கும் என்று நாம் வைத்துக்கொள்வதைப்போல, ஐ.சி. இருந்தால் அதற்குக் கரண்டும் இருக்கும் என்று அது வைத்துக்கொள்ளும். மறைந்த காலின் பெயர் வி.டி.டி. மருமகன் தன் சப்ளைக்கு வைத்த பெயர் ப்ளஸ் ஃபைவ். கிரவுண்டின் பெயர் மட்டும் தற்செயலாக ஒத்துப்போயிருந்தது.

அவனுக்கு இது தெரிய வாய்ப்பில்லை. அவன் இந்தக் காலை மறைக்கவில்லை. ஐ.சி. படங்களைச் சேர்த்து வைத்திருக்கும் கம்பெனியின் பழைய தொகுப்பிலிருந்து எடுத்து அப்படியே போட்டிருக்கிறான். அப்படியென்றால் மறைத்தவன் யார்? அக்கா ஐ.சி.யின் விவரப் பெட்டியைத் திறந்து கடைசி வரி வரை இறங்கினாள். உருவாக்கியவர் என்ற இடத்தில் இரண்டு எழுத்துகள், பதினோரு வருஷத்துக்கு முந்தைய தேதி.

அவளுடைய இனிஷியல்.

நினைவு வந்தது. அப்போது ஒரு வாடிக்கையாளர் படத்தைப் பார்த்து ‘என்னம்மா இது, சிக்கு விழுந்த தலைமுடி மாதிரி இருக்கு’ என்று சொல்ல, முதலாளி அழகாக்கச் சொல்ல, அவள் ஒரே மத்தியானத்தில் எல்லா ஐ.சி.க்களின் சப்ளைக் கால்களையும் மறைத்தாள். அப்போது கம்பெனியில் எல்லாச் சப்ளைக்கும் வி.டி.டி. என்றுதான் பெயர், அதுவும் அவள் வைத்த பெயர். மற்றவர்கள் வேறு பெயர் வைப்பார்கள் என்று அவள் நினைக்கவில்லை. வாழ்க்கையில் ஒரே ஒரு நாள் உலகத்தை நம்பியிருக்கிறாள், அது இப்படி ஆகியிருக்கிறது.

விவரப் பெட்டியில் கர்சர் இமைத்தது. இரண்டு எழுத்துகளை அழிக்க இரண்டு தட்டு போதும்.

படியில் காலடி கேட்டது. மூடிவிட்டு எழுந்தாள். அழிக்கவில்லை, சொல்லவும் இல்லை.

மருமகன் தன் நாற்காலி நகர்ந்திருப்பதைப் பார்த்தான். “திருடன் வீட்டை சோதனை போட்டாச்சா அக்கா? என்ன கிடைச்சுது?”

அவள் சொல்ல வாயெடுத்தாள். அந்தத் ‘திருடன்’ என்ற சொல் அவளை நிறுத்தியது. பதிலாக விளக்குக் கம்பியை அவிழ்த்துக் காட்டினாள். மணி அடிக்கவில்லை. முதலாளியும் வந்து பார்த்தார்.

“கம்பியைப் புடுங்கினா எதுதான் வேலை செய்யும்?” என்றான் மருமகன். “நிஜத்துல யாரு விளக்கை அணைச்சுட்டு உள்ள நிப்பாங்க?”

“ஸ்விட்ச் வெளில இருக்கு தம்பி. கதவை மூடறவன் கையோட அதையும் அணைச்சுட்டுத்தான் போவான்.”

முதலாளி நெற்றியைத் தேய்த்தார். நாற்பது போர்டையும் நிறுத்துவதென்றால் அவருக்குக் கண்ணால் பார்க்க வேண்டும். “நாளைக்குக் காலைல கிடங்குக்கே போவோம். அங்க அடிக்கலைன்னா நிறுத்தறேன். அடிச்சா, அக்கா, நீங்க கையெழுத்துப் போட்டுட்டு மருமகன்கிட்ட மன்னிப்புக் கேக்கறீங்க.”

வியாழக்கிழமை காலை மூவரும் கிடங்கில் நின்றார்கள். ஒரு சாண் கனமுள்ள கதவு. உள்பக்கம் ஒரு கைப்பிடியும் இருந்தது. பனி பிடித்து இறுகிப்போய் அசையவில்லை. அக்கா அதை நான்கு முறை இழுத்துப் பார்த்தாள்.

“நான் போறேன்” என்றான் மருமகன்.

“வேண்டாம். நீங்க நிஜமாவே அமுக்கினீங்களா இல்லையான்னு எனக்கு எப்படித் தெரியும்?”

சொன்ன பிறகுதான் யோசித்தாள், தான் உள்ளே போனால் வெளியே கைப்பிடியில் நிற்கப்போவது யார் என்று. முதலாளிக்கு மூட்டுவலி, அந்தக் கதவை அவரால் தள்ள முடியாது.

“ரெண்டு நிமிஷம் பாருங்க. மணி அடிக்கலைன்னா திறந்துருங்க.”

“சரி.”

“மறந்துராதீங்க.”

“மறைக்கறவன் மறப்பானா அக்கா?” என்றான்.

கிடங்கின் கம்பளிக் கோட்டை மாட்டிக்கொண்டு உள்ளே போனாள். கதவு மூடியது. விளக்கு அணைந்தது. இருட்டு கண்ணில் பஞ்சை வைத்து அடைத்ததுபோல இருந்தது. பொத்தானைத் தடவிக் கண்டுபிடித்து அமுக்கினாள். அமுக்கியபடியே நின்றாள்.

கதவின் கனத்தில் வெளியே மணி அடித்தாலும் உள்ளே கேட்காது. அது அவள் முன்கூட்டி யோசிக்காத விஷயம். அடிக்கும் என்று நம்புவதா, அடிக்காது என்று நம்புவதா? எண்ணத் தொடங்கினாள். நாற்பது வரை வந்தபோது மூச்சு மூக்கிலேயே உறைந்தது. வெளியே நிற்பவனை நினைத்தாள். எல்லோர் முன்னாலும் அவனைத் திருடனாக்கினாள். அவன் திருடன் இல்லை என்பது நேற்றுக் காலையிலிருந்து அவளுக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாது. அவனுடைய இடத்தில் தான் இருந்தால் இரண்டு நிமிஷத்தில் திறப்பாளா? திறப்பாள். ஆனால் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டு திறப்பாள். எழுபது, எழுபத்தொன்று. இந்த அறையில் அவள் இல்லாமல் பெயர் தெரியாத மூட்டைக்காரர் ஒருவர் இதே பொத்தானை அமுக்கிக்கொண்டு நின்றால்? அவரிடம் யாரும் இரண்டு நிமிஷம் என்று சொல்லியிருக்க மாட்டார்கள். தொண்ணூற்றெட்டு. தொண்ணூற்றொன்பது.

நூறு எண்ணும்போது கதவு திறந்தது. வெளிச்சத்தில் மருமகன் நின்றான், முகம் வெளுத்து.

“ரெண்டு நிமிஷம் ஆகலையே” என்றாள் அவள், பற்கள் தந்தியடிக்க.

“உங்க கடிகாரத்து மேல எனக்குச் சந்தேகம் வந்துருச்சு அக்கா. என்னோடது மேலயும்.” கைப்பிடியை இன்னும் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தான். “மணி அடிக்கவே இல்லை. நீங்க அமுக்கினீங்கதானே?”

“விரல் மரத்துப்போச்சு. அமுக்காமலா?”

அங்கேயே, கோட்டைக் கழற்றுவதற்கு முன்பே சொன்னாள். மறைந்த கால், வி.டி.டி., பதினோரு வருஷத்துக்கு முந்தைய மத்தியானம், தன்னுடைய இரண்டு எழுத்துகள். நேற்றே தெரியும் என்பதையும் சேர்த்தே சொன்னாள். அதை மட்டும் வேகமாகச் சொன்னாள்.

முதலாளி பேசினார். “அக்கா, எனக்கு வயசாச்சுதான், புத்தி போகலை. சின்னப் பையன் பாவம்னு அவனைக் காப்பாத்த நீங்க பழியை ஏத்துக்கறீங்க. உங்க நல்ல மனசு எனக்குத் தெரியாதா?”

நல்ல மனசு இருப்பதாக அவள்மேல் யாரும் அதுவரை குற்றம் சாட்டியதில்லை. கம்பெனிக்குத் திரும்பியதும் திரையில் விவரப் பெட்டியைத் திறந்து காட்டினாள். முதலாளி மூக்குக்கண்ணாடியை ஏற்றிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “இதை யாரு வேணும்னாலும் டைப் அடிக்கலாமே!”

அவர் இடத்தில் அக்கா இருந்திருந்தால் அட்சரம் பிசகாமல் அதைத்தான் சொல்லியிருப்பாள்.

ஆனாலும் பிழைப் பதிவேட்டில் காரணம் என்ற கட்டத்தில் தன் பெயரை முழுதாக எழுதிக் கையெழுத்துப் போட்டாள். பிறகு எல்லா ஐ.சி.க்களின் மறைந்த கால்களையும் ஒவ்வொன்றாக வெளியே கொண்டுவந்தாள். மருமகனின் இஸ்திரி போட்ட வரைபடம் அரை மணி நேரத்தில் சிக்கு விழுந்தது. அவன் அதைப் பார்த்துப் பெருமூச்சு விட்டான்.

நாற்பது போர்டுகளிலும் பதினாலாவது காலிலிருந்து சப்ளைக்கு ஒரு சிறு சிவப்புக் கம்பி போக வேண்டும். வேறு யாரும் செய்ய வேண்டாம் என்று அக்காவே உட்கார்ந்தாள். மத்தியானச் சாப்பாட்டை மறந்து நாற்பதையும் பற்றவைத்து முடித்து, கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்தபோது பக்கத்தில் ஒரு நாற்காலி வந்து நின்றது. மருமகன். கையில் மீட்டர்.

“என்ன தம்பி?”

“உங்க மேல எனக்கு முழு நம்பிக்கை அக்கா. இருந்தாலும்...”

நடு மேஜைகளில் தலைகள் திரும்பின. சோதனைப் பிரிவின் வேலையை இதுவரை யாரும் சோதித்ததில்லை. அக்கா பேனாவை மூடினாள். முதல் போர்டை அவன் பக்கம் தள்ளினாள்.

“பேட்டரி எப்ப மாத்தினீங்க?”

“இப்பத்தான்.”

“விளக்குக் கம்பியை அவுத்துட்டுப் பாருங்க.”

அவன் அவிழ்த்துவிட்டுத்தான் பார்த்தான். ஐந்து வோல்ட். மணி கணீரென்றது. அடுத்தது. அதற்கடுத்தது. பதினேழாவது போர்டில் அவன் முனையை எடுக்காமல் குனிந்தான்.

“அக்கா, இதுல சால்டர் ஒட்டலை. கம்பி சும்மா உக்காந்திருக்கு.”

அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தாள். சும்மாதான் உட்கார்ந்திருந்தது.

“நான்தானே வெச்சேன்?”

“நீங்கதான்.”

“நல்லாப் பாத்தீங்களா?”

“நீங்களே பாருங்க.”

அக்கா தன் மீட்டரையும் எடுத்து வைத்துப் பார்த்தாள். அவன் சொன்னது சரிதான். சால்டர் கோலைச் சூடாக்கிக்கொண்டே, மீதி இருபத்து மூன்றையும் அவனே பார்க்கட்டும் என்று நாற்காலியை நகர்த்தி இடம் விட்டாள். முதல் பதினாறையும் எதற்கும் இன்னொரு தரம் பார்க்கச் சொன்னாள்.